பின்புலம் இல்லாமல் பத்திரிகையிலும் எழுத்திலும் நிலைக்க முடியுமா?

கேட்டிருப்பவர் பொறியியல் படித்தவர். சிறுகதை எழுதுகிறார், பத்திரிகையாளராகவும் ஆசை. அனுப்பியவற்றுக்கு எங்கிருந்தும் பதில் இல்லை. துறையில் தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. விடாமுயற்சியை மட்டும் நம்பி இறங்கலாமா என்கிறார்.

இறங்கலாம். தென்மாவட்டத் தாலுகா ஒன்றில் பகுதிநேர நிருபராகத் தொடங்கி, இன்று சென்னையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியராக இருக்கிறேன்; கதையும் எழுதுகிறேன். ஆனால் ஒரே கதையை மாற்றி மாற்றிப் பத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்புவதைத்தான் விடாமுயற்சி என்று நினைக்கிறீர்களோ என்று ஐயமாக இருக்கிறது. அதனால் தபால் துறைக்குத்தான் வருமானம். நான் பார்த்தவரை இங்கே நிலைத்தவர்கள் எல்லோரும், மற்றவர்கள் அலுத்துக்கொள்ளும் ஏதாவது ஒரு வேலையை வாரம் தவறாமல் செய்தவர்கள்.

எனக்கு அந்த வேலை திங்கட்கிழமை. தமிழ்நாட்டில் எல்லா மாவட்டங்களிலும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும் நாள் அது. பெரும்பாலான நிருபர்கள் செய்திக்குறிப்பு கிடைக்கும் வரை காத்திருந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான் வாசல் மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதித் தருபவரின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். எந்த ஊரில் பட்டா தகராறு, எந்த ஊருக்குக் குடிநீர் நின்றுவிட்டது என்பதெல்லாம் அதிகாரிகளுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும்.

அங்கேதான் ஒரு பாட்டியைப் பார்த்தேன். மஞ்சள் பையில், ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய மனு ரசீதுகள். கேட்டது முதியோர் உதவித்தொகை. மகன் இருப்பதால் தகுதியில்லை என்று நிராகரித்திருந்தார்கள். மகன் திருப்பூருக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன, தகவலே இல்லை. எழுதிக் கொடுத்தேன். ஒற்றைப் பத்தியாக, பக்கத்தின் மூலையில் வந்தது.

சீனியர் ஒருவர், "ஒரு பாட்டி என்றால் துணுக்கு. தாலுகா முழுக்க எத்தனை பாட்டி என்று சொல்லுப்பா, அது செய்தி" என்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். 2005ஆம் ஆண்டுச் சட்டம் அது. விண்ணப்பத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் போதும். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். தகவல் தொகுக்கப்படவில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். பலர் முதல் பதிலோடு கோப்பை மூடிவிடுவார்கள், அலுவலகத்துக்கும் அது தெரியும். நான் மேல்முறையீடு செய்தேன், விவரம் வந்தது. என் பெயரோடு வந்த முதல் செய்தி அதுதான். அதற்குப் பிறகு நான் அழைத்தால், செய்திகளைத் திருத்திப் பக்கத்தில் சேர்க்கும் டெஸ்க்கில் போனை எடுத்தார்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. செய்தியில் முக்கியமானது முதல் பத்தியில் இருக்கவேண்டும். இடம் போதவில்லை என்றால் கத்தரி கீழிருந்துதான் விழும். அப்படி விழுந்தவற்றை நான் தனி நோட்டில் எழுதி வைத்தேன். பாட்டி ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கியிருந்தார், ஆனால் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு தாளையும் அதிலிருந்த கறையையும் மடிப்பையும் வைத்து அடையாளம் சொன்னார். செய்திக்கு இது தேவையில்லை. கதைக்கு இதுதான் தேவை. பிரசுரமான என் முதல் சிறுகதை அந்த நோட்டிலிருந்து வந்தது. அதற்கு முன் நான் எழுதியவை எல்லாம் மழை, ஜன்னல், பிரிந்த காதலி. அவற்றைத் திருப்பி அனுப்பிய ஆசிரியர்கள் நன்றாக இருக்கட்டும்.

அசோகமித்திரனை நினைத்துக்கொள்ளுங்கள். 1952இல் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்தவர். அங்கே அவர் வேலை, நாளிதழ்களிலிருந்து செய்திகளைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது. பார்ப்பவர்களுக்கு அவர் சும்மா உட்கார்ந்து பேப்பரைக் கிழிப்பதுபோலத்தான் தெரிந்தது. 1966இல் வெளியேறி முழுநேர எழுத்தாளரானார். அந்த ஸ்டூடியோ வாழ்க்கை பின்னால் நாவலாகவும் கட்டுரைகளாகவும் வந்தது. சாகித்திய அகாதெமி விருது 1996இல்தான். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்திக்கொண்டே எழுதினார். ஆகவே சோற்றுக்கு ஒரு வேலை இருப்பதை அவமானமாக நினைக்காதீர்கள். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் வேலையை விட்டுவிட்டு எழுத வந்தவர்கள் பலர், எழுத்தையும் சேர்த்து விட்டுவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

பணம் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல ஊர்களில் பகுதிநேர நிருபருக்குக் கிடைப்பது பெட்ரோலுக்கே சரியாக இருக்கும். விளம்பரம் பிடித்துத் தந்தால் கமிஷன் என்பார்கள். காலையில் எவரிடம் பொங்கல் வாழ்த்து விளம்பரம் வாங்கினீர்களோ, அவரைப் பற்றி மாலையில் எப்படி எழுதுவீர்கள்? நான் வேலை செய்த ஓர் இடத்தில் அந்த நெருக்கடி இருந்தது. அதைச் சமாளிக்க மாலையில் டியூஷன் எடுத்தேன். அந்தக் காசு எனக்குக் கொஞ்சம் முதுகெலும்பு தந்தது. இதழியல் படிப்புகள் பயனுள்ளவைதாம், குறிப்பாக ஊடகச் சட்டமும் தரவுகளைக் கையாளும் முறையும். ஆனால் கடன் வாங்கிப் படிக்கும் முன், இந்தத் துறையின் தொடக்கச் சம்பளத்தை நான்கு பேரிடம் விசாரியுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது: உங்கள் ஊரில் யாரும் தொடர்ந்து கவனிக்காத ஒன்றை எடுங்கள். கண்மாய், அரசு மருத்துவமனை, நூலகம், நாடகக் குழு, எதுவானாலும் சரி. அதிலேயே ஒரு வருடம் இருங்கள். கட்டுரை அனுப்பும்போது, இது ஏன் இப்போது வரவேண்டும் என்று மூன்று வரியில் எழுதுங்கள். எடுத்த படங்களை இணையுங்கள். தொலைபேசி எண்ணை மறக்காதீர்கள். நல்ல கட்டுரையை எழுதிவிட்டு எண்ணை விட்டுவிடுபவர்களை இன்றும் வாரம் ஒருவராவது பார்க்கிறேன். கதை என்றால், தீபாவளி மலருக்கு ஐப்பசி பிறந்த பிறகு அனுப்பிப் பயனில்லை. ஆடியிலேயே அனுப்பிவிடுங்கள்.