பார்சல் அக்காவுக்கு முதலில் கொடுங்கள்

அன்புள்ள அண்ணா,

களுவாஞ்சிகுடிப் பக்கம் எங்கள் ஊர். நாற்பது வருடப் பழைய உதைபந்தாட்டக் கழகம். போன வருடம் மின்னொளிச் சுற்றுப்போட்டி வைத்தோம். அனுசரணை தருவதாகச் சொன்ன வெளிநாட்டு உறவு ஒருவர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். பரிசுப்பணம், ஜெனரேட்டர், ஜேர்சி, வெளியூரிலிருந்து இறக்கிய ஆட்டக்காரரின் காசு என்று ஏழு இலட்சம் வரை போய்விட்டது. பாதிக்கு மேல் இன்னும் கடன். கூட்டம் வைத்தால் ஐந்து பேர் வருகிறார்கள். கழகத்தைக் கலைத்துப் புதுப் பெயரில் பதியலாம் என்கிறார்கள் பெடியன்கள். இங்கிலாந்திலேயே அப்படித்தானே நடக்கிறது? பொருளாளரின் கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

ர.

*

தம்பி,

இங்கிலாந்தை நீங்கள் இழுத்ததால் அங்கிருந்தே வருகிறேன். போர்ட்ஸ்மௌத் கழகம் 2008இல் எஃப்.ஏ. கிண்ணம் எடுத்தது. கார்டிஃப் அணிக்கு எதிரான இறுதிப் போட்டியில் கானு அடித்த ஒரே கோல். 2010 பெப்ரவரியில் கடன் தாங்காமல் கழகம், மூழ்கும் கம்பனிகளைப் பொறுப்பெடுக்கும் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. இங்கிலாந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே அந்த நிலைக்கு வந்த முதல் கழகம். இருபதாயிரம் பேர் மட்டில் கொள்ளும் மைதானத்தை வைத்துக்கொண்டு, பெரிய கழகங்களின் சம்பளத்தில் ஆட்களை இறக்கினால் வேறென்ன நடக்கும்?

எனக்கு ஆத்திரம் வருவது அதற்குப் பிறகு நடந்ததில்தான். அங்கே ஒரு விதி உண்டு. கழகம் மூழ்கினால் ஆட்டக்காரரின் பாக்கியையும் மற்றக் கழகங்களின் பாக்கியையும் முழுதாகக் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு மிஞ்சியதில் ஏதோ கொஞ்சம். போர்ட்ஸ்மௌத் காசு கொடுக்க வேண்டியிருந்தவர்களின் பட்டியலில் சென்ட் ஜோன்ஸ் அம்புலன்ஸும் இருந்தது. நம் ஊர் விளையாட்டுப் போட்டிகளிலும் முதலுதவிப் பெட்டியோடு ஓரமாக நிற்பார்களே, அவர்கள்தான்.

சரி, உங்கள் சீ.ஆர். கொப்பிக்கு வருவோம். வெளியூர் ஆட்டக்காரர் நான்கு பேர் மேலே இருக்கிறார்கள், நால்வருக்கும் சிவப்புப் பேனையால் சரி போட்டிருக்கிறது. ஜெனரேட்டர்காரருக்கு முற்பணம் மட்டும். கடைசி வரியில் ‘சாப்பாட்டுப் பார்சல், 18,000’, பக்கத்தில் ஒன்றுமில்லை. சட்டம் எதுவும் சொல்லாமலே நீங்களும் அந்த இங்கிலாந்து விதியைத்தான் கடைப்பிடித்திருக்கிறீர்கள்.

புதுப் பெயரில் பதிவது கஷ்டமான வேலை இல்லை. பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரைப் பார்த்தால் வழி சொல்வார். ஆனால் பெயர்ப்பலகையை நம்பியா அந்த ஜெனரேட்டர் வந்தது? உங்கள் செயலாளரின் முகத்துக்காக வந்தது. ஸ்கொட்லாந்தில் ரேஞ்சர்ஸ் கழகத்தின் பழைய கம்பனி 2012இல் கடனால் கலைப்புக்குப் போக, புதுக் கம்பனியின் கீழ் அணி கடைசிப் பிரிவிலிருந்து தொடங்கியது. அது பழைய கழகமா புதுசா என்று இன்றைக்கும் அங்கே சண்டை. உங்களுக்கு ஏன் அந்த வில்லங்கம்?

ஒரு விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள். இங்கிலாந்தில் 1885இல் தொடங்கிய பரி கழகம் தன் கிக் லேன் மைதானத்தையே ஈடு வைத்துக் கடன் வாங்கியிருந்தது. 2019 ஓகஸ்ட் 27இல் லீக்கிலிருந்து தூக்கினார்கள். அன்று காலையிலும் ரசிகர்கள் துடைப்பத்தோடு வந்து, அடுத்த போட்டிக்காக இருக்கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உங்கள் மைதானம் பிரதேச சபையுடையது. யாரும் ஈடு வைக்க முடியாது.

போர்ட்ஸ்மௌத்தை 2013இல் ரசிகர்களே வாங்கினார்கள், ஆளுக்கு ஆயிரம் ஸ்டேர்லிங் பவுண் போட்டு. உங்களுக்கு மாதம் இருநூறு ரூபாய் சந்தா போதும், ஆனால் மாதாமாதம் வர வேண்டும். கூட்டத்துக்கு வருகிற அந்த ஐந்து பேரிடமிருந்தே தொடங்கலாம். இந்த வருடம் சுற்றுப்போட்டி வேண்டாம். மற்றவர்கள் வைக்கிற போட்டிகளுக்கு உங்கள் ஊர்ப் பெடியன்களையே கூட்டிக்கொண்டு போங்கள். தோற்றால் தோற்றுவிட்டு வாருங்கள்.

முதலில் பார்சல் கொடுத்த அக்காவின் பதினெட்டாயிரம். அதைக் கொடுத்துவிட்டு எழுதுங்கள். வெளிநாட்டு உறவிடம் என்ன கேட்கலாம் என்பதை அப்புறம் பார்ப்போம்.