ப்ரீஎக்லாம்ப்சியா ஏன் வருதுன்னு ஆனந்த் கருமஞ்சி என்ன கண்டுபிடிச்சாரு?

கர்ப்பத்துல 20 வாரத்துக்கு மேல பிபி 140/90 தாண்டி யூரின்ல புரதமும் போச்சுன்னா ப்ரீஎக்லாம்ப்சியான்னு சொல்லுவாங்க. நஞ்சுக்கொடி வெளிய வந்தாதான் சரியாகும்னு ரொம்ப நாளாவே தெரியும், ஆனா அது என்ன பண்ணுதுன்னு பிடிபடல. பாஸ்டன்ல கிட்னி டாக்டரா இருந்த கருமஞ்சியும் அவர் டீமும் 2003ல காட்டுனது என்னன்னா, நஞ்சுக்கொடி எஸ்எஃப்எல்டி-1னு ஒரு புரதத்தை அம்மாவோட ரத்தத்துல அளவுக்கு மீறி விடுது, அது ரத்தக்குழாய்க்கு வேணுங்கிற விஇஜிஎஃப், பிஎல்ஜிஎஃப்ங்கிற ரெண்டு புரதத்தையும் பிடிச்சு வச்சுக்குது. கர்ப்பமா இருந்த எலிகளுக்கு அதை கொடுத்தப்போ பிபி ஏறுச்சு, யூரின்ல புரதம் வந்துச்சு, கிட்னியோட வடிகட்டிக்குள்ள செல்லெல்லாம் வீங்கிப்போச்சு, அப்படியே அதே நோய். என்னைக் கேட்டா இதுதான் பெரிய திருப்பம். எஸ்எஃப்எல்டி-1, பிஎல்ஜிஎஃப் ரெண்டோட விகிதத்தை அளக்குற ரத்த டெஸ்ட்டுக்கு அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023ல அனுமதி கொடுத்துச்சு. கர்ப்பமா இருக்கும்போது விடாத தலைவலி, கண் மங்கல் இருந்தா தயவுசெஞ்சு டெஸ்ட் அது இதுன்னு யோசிக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.