நனையாமல் நடக்க வழி உண்டா?

கேள்வி: ஜூலையில் கர்நாடகாவின் சிக்கமகளூரில் உள்ள முள்ளையனகிரி மலைக்குப் போனோம். விலை கூடிய ரெயின்கோட் போட்டும் உள்ளே தொப்பலாக நனைந்துவிட்டேன். உச்சியில் நடுக்கம்தான் மிச்சம். மழை நடை சுகம் என்கிறார்களே, எப்படி? (மதுரை வாசகர்)

பதில்: கோட்டில் ஓட்டை இருந்திருக்காது, அது பெரும்பாலும் உங்கள் வியர்வைதான். ஏற்றத்தில் உடம்பு கொதிக்கும். வெளியே காற்றிலும் ஈரம் நிறைந்திருப்பதால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய துணியும் அந்த ஆவியை வேகமாக வெளியே விடாது. நனையாமல் இருக்கும் ஆசையை விட்டுவிடுங்கள், குளிராமல் இருந்தால் போதும்.

மழை மிதமாக இருந்தால் மெல்லிய பாலியஸ்டர் சட்டையோடு நனைந்தபடியே ஏறுங்கள். முள்ளையனகிரி 1,930 மீட்டர்; மேலே மரமில்லாத புல்மேடு, காற்று அறையும், குடை நிற்காது. அந்தத் திறந்த இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே கோட்டைப் போட்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிடுங்கள். நடுங்க ஆரம்பித்த பிறகு போட்டால் சூடு திரும்ப வெகுநேரம் ஆகும். ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேண்டவே வேண்டாம்: தண்ணீரைப் பிடித்துவைத்து உடம்புச் சூட்டை உறிஞ்சும். உச்சியில் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்காமல், கடலை மிட்டாயை மென்றபடி இறங்குங்கள். யாருக்காவது நடுக்கத்தோடு பேச்சும் குழறினால் காற்றுக்கு மறைவில் ஈரத்துணியைக் கழற்றி உலர்ந்ததை மாட்டிவிட்டு, உடனே கீழே கூட்டிப்போக வேண்டும்.

அந்த உலர்ந்த உடையைக் காப்பாற்றுவதுதான் உண்மையான வேலை. பையின் மேலுறையை நம்பாதீர்கள், முதுகுப் பக்கம் தண்ணீர் இறங்கும். பைக்கு உள்ளே கெட்டியான பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, அதற்குள் சட்டை, ஸ்வெட்டர், சாக்ஸை வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். வழியில் ஆசைப்பட்டுப் பிரிக்கக் கூடாது!

கேள்வி: காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டைக்கு உப்பா, மூக்குப்பொடியா? (ஈரோடு வாசகி)

பதில்: இரண்டுமே, அட்டை கடிக்கும் முன்புதான். கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் போட்டால் அது காயத்துக்குள் கக்கும். நகத்தைத் தோலோடு ஒட்டிச் சரித்து, அட்டையின் மெலிந்த முனையை முதலில் தள்ளிவிடுங்கள். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது. சுத்தத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். முழங்கால்வரை வரும் நெருக்கமான நெசவுள்ள அட்டை சாக்ஸ் வாங்கினால் பாதித் தொல்லை தீரும்.

கேள்வி: குறுக்கே ஓடை வந்தால்? (கோவை வாசகர்)

பதில்: தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் அடித்து வந்தால் மேலே கனமழை பெய்கிறது. அப்போதும், முழங்காலுக்கு மேல் ஓடும்போதும் இறங்காதீர்கள். சின்ன ஓடை மழை விட்டால் சில மணி நேரத்தில் வடியும். வடியாவிட்டால் வந்த வழியே திரும்புங்கள்.