பாலர் குழுவின் நன்றி விழாவுக்கு மண்டபம் தேவையா?

"மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகள் உள்ள எங்கள் ரொறன்ரோத் தமிழ்க் குழுவுக்கு, ஒக்டோபரில் வரும் நன்றி நவிலும் நாளையொட்டி வெளியிடத்தில் ஒரு நிகழ்வு நடத்தலாமா, அல்லது குளிரைக் காரணம் காட்டிப் பெற்றோர் சொல்வதுபோல் மண்டபம் எடுப்பதுதான் சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியிடத்தில்தான் நடத்துங்கள். முதலில் யாழ்ப்பாணத்தில் பாலர் பாடசாலை ஆசிரியையாகவும், பின்னர் ஸ்காபரோவில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்திலும் வேலை செய்து ஓய்வு பெற்று, இன்றும் ஒரு சிறு குழுவைப் பூங்காக்களுக்கு அழைத்துச் செல்பவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். நான் மருத்துவரும் அல்லேன், பேராசிரியையும் அல்லேன். ஆகவே "ஆதாரம் என்ன?" என்று கேட்க ஆயத்தமாக இருப்பவர்கள், இதை ஒரு கிழவியின் அனுபவமாக எடுத்துக்கொண்டு கடந்து போகலாம்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. குழுவை யாரோ உங்கள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கியிருப்பார்கள். வாட்ஸப்பில் ஒருவர் "குளிர்" என்று எழுதியதும் அடுத்தவர் மண்டப வாடகையைப் பதிவிட்டிருப்பார், இன்னொருவர் ஒலிவாங்கிக்கும் பின்திரைக்கும் ஆள் பிடித்திருப்பார். அப்படியான மண்டப விழாக்களில் நான் அமர்ந்திருக்கிறேன். மூன்று வயதுப் பிள்ளையை ஒலிவாங்கியின் முன் நிறுத்தி, "சொல்லு, நன்றி சொல்லு" என்று தாய் கீழிருந்து வாயசைக்க, பிள்ளை அழ, அந்த அழுகையையும் எல்லோரும் கைப்பேசியில் பிடிக்க, அதன் பிறகு பிரியாணி பரிமாறப்படும். பிரியாணியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை எதற்கு நன்றி சொன்னது என்று அங்கே எவரும் கேட்டதில்லை.

இதைவிட என்னை வருத்துவது, அந்த மேடைகளில் பிள்ளைகளின் தலையில் ஏற்றப்படும் காகித இறகுக் கிரீடங்கள். அமெரிக்க இணையத்தளங்களிலிருந்து அச்சிட்டு எடுத்த கதையை அப்படியே இங்கே நடத்துகிறார்கள். 1621இல் பிளிமத்தில் குடியேறியவர்களும் வம்பனோவாக் என்ற முதற்குடி மக்களும் உண்ட விருந்து அமெரிக்க விழாவோடு சேர்ந்தது, அவர்கள் அதை நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையில் கொண்டாடுகிறார்கள். கனடாவின் நாள் ஒக்டோபர் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை. அறுவடைக்கு நன்றி சொல்லும் நாளாக 1957 ஜனவரி 31இல் வெளியிடப்பட்ட பிரகடனத்தின் மூலம் அது நிலையாக்கப்பட்டது. ஆண்டுதோறும் அந்த நாளுக்குச் சில நாட்கள் முன்னதாக, செப்டம்பர் 30இல், குடும்பங்களிலிருந்து பிரித்து அடைத்த வதிவிடப் பாடசாலைகளில் வதைபட்ட முதற்குடிப் பிள்ளைகளை நினைவுகூர இதே பிள்ளைகளுக்குச் செம்மஞ்சள் சட்டை அணிவித்து அனுப்புகிறோம். அந்தச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்ட கையோடு அதே மக்களின் தலையணியைக் காகிதத்தில் வெட்டி வேடமாக்குவது எவ்வளவு முரண் என்று சொன்னதற்காக, ஒரு விழாக் குழுவிலிருந்து என்னை மெதுவாக நீக்கிவிட்டார்கள். நீக்கியது நல்லதாகப் போயிற்று. அதன் பிறகுதான் பூங்காவுக்குப் போகத் தொடங்கினோம்.

எங்கள் குழு கூடும் இடம் ஸ்காபரோவில் மோர்னிங்சைட் பூங்கா. அதனூடாக ஹைலண்ட் ஓடை ஒன்ராறியோ ஏரியை நோக்கி ஓடுகிறது. நான் சொல்லப்போகும் ஆண்டில் எங்கள் திட்டம் மிகவும் எளியது: விழுந்த இலைகளைப் பொறுக்கி நூலில் கோப்பது, வட்டமாக இருந்து ஆளுக்கொரு நன்றி சொல்வது, கொத்தமல்லித் தண்ணீர் குடித்துவிட்டு வீடு திரும்புவது. ஆனால் ஓடைக்கரையை அடைந்ததும் நீரில் எதுவோ பலமாக அடிக்கும் சத்தம் கேட்டது, நூலும் இலையும் அந்தக் கணமே மறந்துபோயின. சினூக் சல்மன் மீன்கள் முட்டையிடுவதற்காக ஏரியிலிருந்து ஓடையில் ஏறிக்கொண்டிருந்தன. செப்டம்பரிலும் ஒக்டோபரிலும் ஆண்டுதோறும் நடப்பதுதான் என்றாலும், சில பெற்றோர் பல ஆண்டுகளாக அந்தப் பூங்காவில் இறைச்சி வாட்டி உண்டும் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்றார்கள்.

எங்கள் குழுவில் ஒரு பிள்ளையின் அம்மப்பா எப்போதும் கண்ணாடியை மூடிக்கொண்டு வாகனத்துக்குள்ளேயே இருப்பார். வடமராட்சிக் கரையில் நெடுங்காலம் கடற்றொழில் செய்தவர். குளிரில் முழங்கால் பிடித்துக்கொள்கிறது என்பார். சத்தம் கேட்டு இறங்கி வந்தவர், கரையில் துள்ளிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து, "சத்தம் போடாதேங்கோ பிள்ளையள், அது களைச்சுப்போய் நிக்குது. எதிர்நீரில ஏறுற மீன் கல்லுக்குப் பின்னாலதான் ஒதுங்கும், அங்க பாருங்கோ" என்றார். அவர் சுட்டிய கல்லின் நிழலில் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய மீன், வாலை மட்டும் அசைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. அதன் பிறகு என் பேச்சை எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை, எல்லாப் பிள்ளைகளும் அவரைச் சுற்றியே நின்றார்கள். ஆற்றில் ஏறத் தொடங்கிய பின் இந்த மீன் இரை எடுப்பதில்லை என்று நான் சொன்னபோது அவர் தலையசைத்தார். இந்த ஏரிக்கு உரிய அட்லாண்டிக் சல்மன், அணைகளாலும் காடழிப்பாலும் மிகையான மீன்பிடியாலும் 19ஆம் நூற்றாண்டின் முடிவில் அற்றுப்போனது, இப்போது ஏறும் சினூக் 1960களின் பிற்பகுதியிலிருந்து பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இனம் என்றும் விளக்கினேன். சற்று யோசித்துவிட்டு, "கடையில இது கிலோ என்ன விலை போகுது?" என்று கேட்டார்.

சற்றுத் தள்ளிக் கரையில் ஒரு மீன் செத்துக் கிடந்தது. நாற்றமும் இருந்தது. ஒரு தாய் உடனே தன் மகளின் கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு போக முயன்றார். அவரைக் குறை சொல்லவில்லை, நான் இளம் தாயாக இருந்தபோது நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் மகள் விரலிடுக்கால் பார்த்துவிட்டு, "ரீச்சர், அது ஏன் எழும்பவில்லை?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். முட்டையிட்டு முடிந்ததும் சினூக் இறந்துவிடும், அதன் உடலைக் கடற்காகங்களும் ரக்கூன்களும் ஓடைப் பூச்சிகளும் உண்ணும், கூழாங்கற்களுக்கு அடியில் இருக்கும் முட்டைகள் குளிர்காலம் முடிய மீன்குஞ்சுகளாகும் என்று சொன்னேன். பெரும்பாலும் மூன்று நான்கு வயதில்தான் இந்த மீன் திரும்பி வருகிறது, உங்கள் வயதுதான் இதற்கும் இருக்கும் என்று நான் சொன்னதும் ஒரு சிறுவன் தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டான். தன்னைவிட மீன் நீளமா என்று அவனுக்குத் தெரியவேண்டுமாம். அம்மப்பா எட்டி அளந்து, அவன்தான் ஒரு சாண் கூடுதல் நீளம் என்று தீர்ப்புச் சொன்னார். எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் படுக்கத் தொடங்கினார்கள்.

பிறகு வட்டமாக இருந்தோம். அந்தச் சிறுவனின் முறை வந்தபோது, அவன் தன் மழைச் சப்பாத்துக்கு நன்றி சொன்னான், உள்ளே தண்ணீர் வரவில்லையாம். பெரியவர்கள் சிரித்தார்கள். ஒருவர் "அப்படி இல்லையப்பா, கடவுளுக்குச் சொல்லு, அம்மாவுக்குச் சொல்லு" என்று திருத்தத் தொடங்க, நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஓடைக்கரையில் நின்ற நான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் கால் நனையாமல் காத்தது எது என்று தெரிந்திருப்பதைவிட வேறென்ன நன்றியுணர்வு வேண்டும்? இன்னொரு பிள்ளை வாயே திறக்கவில்லை, அதையும் அப்படியே விட்டோம். உங்கள் நிகழ்வில் நீங்கள் விடாப்பிடியாக நிற்கவேண்டிய இடம் இதுதான் என்பேன்: பெரியவர்களைத் திருத்த விடாதீர்கள்.

வட்டத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று நினைத்தால், இந்த மண்ணிலேயே அதற்கு மிகப் பழைய ஒழுங்கு இருக்கிறது. ஹோடினோஷோனி என்ற முதற்குடி மக்கள் கூட்டங்களின் தொடக்கத்தில் சொல்லும் நன்றியுரை மனிதரில் தொடங்கி, பூமி, நீர், மீன், செடிகள், விலங்குகள், மரங்கள், பறவைகள், காற்று, இடி, சூரியன், நிலா, விண்மீன் என்று படிப்படியாக மேலேறும். மரங்களின் தலைவனாக மேப்பிளை அதில் வாழ்த்துவார்கள். 17ஆம் நூற்றாண்டில் அவர்களுள் ஒரு பிரிவினரான செனெக்கா மக்களின் ஊர் இங்கிருந்து அதிக தூரமில்லாத ரூஜ் ஆற்றருகே இருந்தது. அந்த உரையைப் பிள்ளைகளை மனனம் செய்ய வைத்து மேடையேற்றச் சொல்லவில்லை, அது இறகுக் கிரீடத்தின் மறுபதிப்பாகிவிடும். இது யாருடைய வழக்கம் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, தரையில் தொடங்கி வானத்தில் முடிக்கும் அந்த வரிசையை மட்டும் பின்பற்றுகிறோம். பிள்ளைகள் முதலில் குனிந்து பார்க்கிறார்கள், பிறகு நிமிர்ந்து பார்க்கிறார்கள், சொல்வதற்கு ஏதாவது அகப்பட்டுவிடுகிறது. மேப்பிள் முறை வரும்போது ஆளுக்கு ஒரு துளி மேப்பிள் பாகு நாவில் வைப்பேன். ஒரு லீற்றர் பாகுக்கு ஏறத்தாழ நாற்பது லீற்றர் மரச்சாறு காய்ச்சவேண்டும் என்பதைப் பெற்றோருக்குச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குச் சுவை போதும். ஆப்பிளும் பூசணியும் வைத்தால், அவற்றைப் பறித்தவர்களையும் சொல்லுங்கள். 1966 முதல் ஜமேக்காவிலிருந்தும், பின்னர் மெக்சிகோவிலிருந்தும் பருவகாலத் தொழிலாளர்களாக வந்து ஒன்ராறியோத் தோட்டங்களில் குனிந்து நிமிர்பவர்களை நமது சமூகம் நினைப்பதே இல்லை.

"நமக்குத் தைப்பொங்கல் இருக்கிறதே, வெள்ளைக்காரரின் விழா எதற்கு?" என்று இந்தப் பதிலுக்குக் கீழே ஒருவர் கேட்பார் என்று தெரியும். என் வீட்டிலும் பொங்கல் உண்டு. ஆனால் ஜனவரியில் ஸ்காபரோவில் புகை எச்சரிப்புக் கருவிக்குப் பயந்து மின்னடுப்பில் பொங்கி, பனிமூடிய சன்னலூடாகச் சூரியனைத் தேடும்போது அறுவடை எங்கே என்று பிள்ளை கேட்டால் காட்டுவதற்கு எதுவும் இல்லை. ஒக்டோபரில் இந்த நாட்டு அறுவடை கண்முன்னே குவிந்து கிடக்கிறது. இங்கே கண்டதை நினைவுபடுத்தித் தையில் பொங்கலை விளக்கினால் பிள்ளைக்கு எளிதில் விளங்குகிறது. பெரும்பாலும் அதே வாரங்களில் வரும் நவராத்திரியின் அவலைச் சிற்றுண்டியாகக் கொண்டுபோகவும் தடையில்லை.

இனிக் குளிர் பற்றி. ஒக்டோபரில் ரொறன்ரோவின் பகல் வெப்பம் சராசரியாக 14 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும், அது உறையும் குளிர் அன்று. சளி கிருமியால் வருவது, மூடிய மண்டபத்தில் நெருங்கியிருப்பதுதான் அது பரவ வசதி. ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற முழுநாள் பராமரிப்பு நிலையங்களே, வானிலை இடம் கொடுத்தால் பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியில் விடவேண்டும் என்பது விதி. எதிர்க்கும் பெற்றோரிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள். பருத்தி உடை நனைந்தால் உடலைக் குளிரவைக்கும், ஆகவே உள்ளே கம்பளியோ செயற்கை இழையோ, மேலே நீர்புகா அங்கி, பையில் மாற்றுக் காலுறை. அந்த வயதில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது நிலையங்களின் விதி, ஆனால் ஓடை இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று பேருக்கு ஒருவர் இல்லாமல் நான் போகமாட்டேன்.

கவனமாக இருக்கவேண்டியது வேறு. பொய்சன் ஐவி என்ற நச்சுச்செடி இலையுதிர்காலத்தில் அழகான சிவப்பாகும், பிள்ளைகள் முதலில் பறிக்க ஓடுவது அதைத்தான். மூன்று மூன்றாகச் சிற்றிலைகள் உள்ள எதையும் தொடாதே என்று முன்கூட்டியே சொல்லுங்கள். உண்ணிகள் ஒக்டோபரிலும் இருக்கும், காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறத்தையும் தலைமுடியையும் பார்க்கவேண்டும். ரூஜ் தேசிய நகரப் பூங்காவுக்குப் போவதானால் அங்கிருந்து இலையைக்கூட எடுத்துவரக் கூடாது, இலை கோக்கும் வேலையை வீட்டு முற்றத்து இலைகளோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி நவிலும் வார இறுதியில் ரொறன்ரோ மரங்கள் பெரும்பாலும் பாதிதான் நிறம் மாறியிருக்கும், வாகனத் தரிப்பிடங்களும் விரைவில் நிரம்பிவிடும். உங்கள் குழுவில் வேலைநாளில் வரக்கூடிய பெற்றோர் இருந்தால், அடுத்த வாரத்து ஒரு புதன்கிழமைக் காலையைத் தெரிவு செய்யுங்கள். பூங்காக் கழிப்பறை திறந்திருக்கிறதா என்று முதல் நாளே போய்ப் பார்த்துவிடுங்கள், குளிர்காலத்துக்கு அவற்றில் பலவற்றை மூடிவிடுவார்கள்.