ரியூனியனிலும் கேரளத்திலும் ஒரே பிறழ்வு: வைரஸ் தீவிலிருந்து வந்ததா?

கேள்வி: நுண்ணுயிரியல் முதுகலை மாணவி நான். சிக்குன்குனியா வைரஸின் மேலுறையில் உள்ள ஈ1 புரதத்தில் 226ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் போய் வேலின் வந்த பிறழ்வு, ரியூனியன் தீவில் 2005இலும் கேரளத்தில் 2007இலும் காணப்பட்டதாகப் படித்தேன். அப்படியானால் கேரள வைரஸ் தீவிலிருந்து வந்தது என்று ஆய்வேட்டில் எழுதலாமா? பொதுத் தரவுத்தளங்களில் உள்ள மரபணு வரிசைகளை வைத்து இதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: அப்படி எழுத வேண்டாம். கேரளத்தில் அந்தப் பிறழ்வு தனியாகவே தோன்றியது. இரண்டு வீடுகளில் ஒரே பெயர் இருந்தால் அவர்கள் பங்காளிகள் ஆகிவிடுவார்களா? ஓர் இடம் ஒத்துப்போவதை மட்டும் வைத்து வைரஸின் வம்சத்தைச் சொல்ல முடியாது.

முதலில் எழுத்தளவில் பாருங்கள். மரபணுவில் அலனினுக்கான மூன்றெழுத்துக் குறியீடுகள் எல்லாமே ஜி, சி என்று தொடங்கும். வேலினுக்கு ஜி, யு. நடுவில் உள்ள சி ஒன்று யு ஆனாலே போதும். இந்த வைரஸின் ஆர்.என்.ஏ. சுமார் 11,800 எழுத்து நீளம். அதை நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் திறன் கிடையாது. ஆகவே பெரிய நோய்ப்பரவல் எதிலும் இப்படி ஓர் எழுத்து மாறுவது சாதாரணம். மாறியது ஏன் நிலைத்தது என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை கொசுவில் இருக்கிறது. இந்த ஒரு மாற்றம் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்கிற புலிக்கொசுவை வைரஸ் எளிதாகத் தொற்ற உதவுகிறது, ஏடிஸ் எகிப்தி என்ற இன்னொரு கொசுவில் அந்த ஆதாயம் இல்லை என்று அமெரிக்காவின் கால்வெஸ்டன் ஆய்வுக்குழு 2007இல் காட்டியது. ரியூனியனில் புலிக்கொசுதான் பெருமளவு. 2005-06இல் அந்தத் தீவின் மக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் வந்தது. இந்தியாவில் 2006இல் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டபோது, ஆராயப்பட்ட வைரஸ்களில் 226ஆவது இடத்தில் அலனின்தான் இருந்தது. அடுத்த ஆண்டு கேரளத்தில் அது வேலினாக மாறியிருந்தது. அங்கே ரப்பர் தோட்டங்களில் பால் பிடிக்கும் சிரட்டைகளில் தேங்கும் மழைநீர் போதும், புலிக்கொசு பெருகிவிடும்.

சரி, இதை நீங்களே எப்படிச் சரிபார்ப்பது? ஆப்பிரிக்காவின் பழைய வரிசைகள், ரியூனியன் 2005-06, இந்தியா 2006, கேரளம் 2007-க்குப் பிந்தையவை ஆகிய நான்கையும் தேதியோடு, இடத்தோடு எடுங்கள். மாஃப்ட் போன்ற மென்பொருளால் அவற்றை இடத்துக்கு இடம் ஒப்பிடும்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஐக்யூ-ட்ரீ என்ற மென்பொருளில் பரிணாம மரம் போடுங்கள். மரத்தின் வேரை ஆப்பிரிக்க வரிசைகள் பக்கம் வையுங்கள். வேர் தவறினால் எது முன்னோர் நிலை, எது புதுசு என்பதே தலைகீழாகிவிடும்.

இப்போது கேரள வரிசைகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். அவை 2006 இந்தியக் கிளைக்குள்ளேயே உட்காரும். இந்திய வைரஸ்களுக்கே உரிய மற்ற மாற்றங்கள் அவற்றில் அப்படியே இருக்கும். தீவிலிருந்து வந்திருந்தால் ரியூனியன் கிளையில் அல்லவா அவை முளைத்திருக்க வேண்டும்? அப்புறம் மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் 226ஆவது இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று முன்னோர் நிலையைக் கணியுங்கள். இந்திய, ரியூனியன் கிளைகளின் பொது முன்னோரில் அலனின் வரும். வேலின் இரண்டு இடங்களில் தனித்தனியாக வரும். மத்திய ஆப்பிரிக்க வரிசைகளையும் சேர்த்தால், காபோனில் மூன்றாவதாக ஒன்றைப் பார்ப்பீர்கள். இதற்கு மாறாக, இத்தாலியில் 2007இல் பரவிய வைரஸிலும் வேலின்தான். ஆனால் அது இந்தியக் கிளையைச் சேர்ந்தது. கேரளத்திலிருந்து வந்த பயணி ஒருவரோடு அங்கே போனது. அது உண்மையாகவே வம்சத்தில் வந்த பிறழ்வு.

ஓர் இடத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். அக்கால இந்திய வரிசைகளில் பல, ஈ1 மரபணுவின் துண்டுகள் மட்டுமே. குறைந்த எழுத்துகளை வைத்து மரம் போட்டால், நீங்கள் சோதிக்க நினைக்கும் அந்த 226ஆவது இடமே கேரளத்தையும் ரியூனியனையும் ஒன்றாக இழுத்துச் சேர்த்துவிடக்கூடும். அந்த மூன்றெழுத்தையும் நீக்கிவிட்டு மறுபடி மரம் போடுங்கள். முடிவு மாறினால் அந்தத் துண்டை நம்பாதீர்கள். முழு மரபணு வரிசைகளுக்குப் போங்கள். மாதிரி எடுத்த பிறகு ஆய்வகத்தில் செல்களிலோ எலிக்குட்டிகளின் மூளையிலோ பலமுறை வளர்த்த வைரஸ் என்றால், அதில் அங்கேயே வந்த மாற்றங்கள் கலந்திருக்கும். அந்தக் குறிப்பையும் படித்துவிட்டே வரிசையைச் சேருங்கள்.

தேதிகளை வைத்துக் காலமும் கணிக்கலாம். பெரும்பரவல்களின்போது இந்த வைரஸில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து எழுத்துகள் மாறி நிலைக்கின்றன. ஒன்றிரண்டு ஆண்டு இடைவெளியில் அது துல்லியமாக இருக்காது. பிறழ்வு தோன்றிய மாதத்தைச் சொல்ல முயலாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஆசிய வகை சிக்குன்குனியா, 1964இல் சென்னையைத் தாக்கிய அதே வகை, புலிக்கொசுவின் சொந்த ஊரான தென்கிழக்கு ஆசியாவில் பல பத்தாண்டுகள் சுற்றியும் இந்தப் பிறழ்வைப் பெறவில்லை. காரணம், அதன் ஈ1 புரதத்தின் 98ஆவது இடத்தில் திரியோனின் இருப்பது. அது இருக்கும்வரை 226இல் வேலின் வந்தாலும் புலிக்கொசுவில் ஆதாயம் கிடைக்காது. ஆப்பிரிக்காவிலிருந்து 2005-06இல் வந்த வைரஸில் அந்த இடத்தில் அலனின் இருந்ததால் வழி திறந்திருந்தது. ஆகவே உங்கள் அட்டவணையில் 226க்குப் பக்கத்திலேயே 98க்கும் ஒரு நெடுவரிசை வையுங்கள். தேர்வாளர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.