ஒரே மரபணுப் பிழை, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு விதம்: காஷர் நோய் பற்றி வாசகர் கேள்விகள்

என் மகனுக்கு நான்கு வயது. வயிறு பெருத்துக்கொண்டே போனது, பிளேட்லெட் குறைந்தது. புதுச்சேரியில் காட்டியதில் காஷர் நோய் என்றார்கள். மரபணு ரிப்போர்ட்டில் 'ஜிபிஏ1, எல்444பி, ஹோமோசைகஸ்' என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால், இது மூளையைத் தாக்கும் என்று வருகிறது. ஆனால் பையன் நன்றாகப் பேசுகிறான், ஓடுகிறான். எதை நம்புவது?
வாசகி, நெல்லிக்குப்பம்

முதலில் பையனை நம்புங்கள். ரிப்போர்ட் சொல்வது நோய் எதுவரை போகக்கூடும் என்பதை மட்டும்தான். அவன் இன்று எப்படி இருக்கிறான் என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

ஜிபிஏ1 மரபணு, குளூகோசெரிப்ரோசிடேஸ் என்ற நொதியைச் செய்வதற்கான குறிப்பு. ஆயுள் முடிந்த ரத்த அணுக்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள், அவற்றின் சவ்விலிருந்து வரும் ஒரு கொழுப்பை இந்த நொதியால்தான் உடைக்கின்றன. நொதி போதாதபோது அந்தக் கொழுப்பு தேங்குகிறது. மேக்ரோஃபேஜ்கள் அதிகம் உள்ள மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை மூன்றும் முதலில் அடிபடுவது அதனால்தான்.

எல்444பி என்றால் 444ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் வந்திருக்கிறது. புரோலின் சங்கிலியை வளைத்துவிடும் அமினோ அமிலம். நொதி சரியாக மடியாமல் போவதால், செல்லே அதில் பெரும்பகுதியைக் கழிவென்று எடுத்து அழித்துவிடுகிறது. தப்பிப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். என்370எஸ் என்ற இன்னொரு மாற்றத்தில் நொதி இதைவிட நன்றாக மடிகிறது. அதனால், அப்பா அம்மாவிடமிருந்து ஆளுக்கொன்றாக வரும் இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்றே ஒன்று என்370எஸ் ஆக இருந்தாலும், குழந்தைப் பருவத்தில் மூளையைத் தாக்கும் டைப் 2, டைப் 3 பொதுவாக வருவதில்லை. நம் நாட்டு நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவது எல்444பி. இரண்டு பிரதியும் அதுவாக இருந்தால் (உங்கள் ரிப்போர்ட்டில் 'ஹோமோசைகஸ்' என்பது அதுதான்), டைப் 3 வரக்கூடும் என்று எடுத்துக்கொண்டு கண்காணிக்க வேண்டும். ஆனால் வந்தே தீரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்வீடனின் நார்பாட்டன் பகுதியில் இதே இரட்டைப் பிரதியோடு பல குடும்பங்கள் உண்டு. அங்கேயே நோயின் கடுமை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

மிகக் கடுமையான டைப் 2, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் விழுங்க முடியாமல், கழுத்து பின்னால் வளைந்து, மூச்சில் இரைச்சலோடு தெரிந்துவிடும். உங்கள் பையன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான்.

இனி கவனிக்க வேண்டியது கண். டைப் 3இன் முதல் அடையாளம் பெரும்பாலும் பக்கவாட்டுக் கண்ணசைவு மந்தமாவதுதான். குழந்தையின் முகத்துக்கு நேரே இரண்டு பொம்மைகளை ஒரு முழம் இடைவெளியில் பிடித்துக்கொண்டு, தலையை அசைக்காமல் ஒன்றைப் பார், இப்போது மற்றதைப் பார் என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். கண் சட்டென்று தாவ வேண்டும். அதற்குப் பதிலாகக் குழந்தை தலையை வெடுக்கென்று திருப்பினாலோ, ஒவ்வொரு முறையும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு திரும்பினாலோ நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் பார்ப்பது முன்னெச்சரிக்கைக்கு மட்டுமே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரும் இதைச் சோதிக்க வேண்டும். வலிப்பு, படிப்பில் திடீர்ச் சறுக்கல், காது மந்தம் ஆகியவற்றையும் கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

ஒரு லேபில் எல்444பி என்கிறார்கள், இன்னொரு லேபில் லியூ483புரோ என்கிறார்கள். இரண்டு நோயா?
வாசகர், மஞ்சக்குப்பம்

ஒன்றேதான். நொதி உருவாகும்போது முன்னால் 39 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு வால் இருக்கும், பிறகு வெட்டுப்படும். பழைய முறையில் அதை எண்ணவில்லை, புதிய முறையில் எண்ணுகிறார்கள். 444ஐயும் 39ஐயும் கூட்டினால் 483. அதுபோல என்370எஸ் இப்போது 409 என்றும், டி409எச் 448 என்றும் வரும். கடைசியில் சொன்ன டி409எச் இரண்டு பிரதியாக இருந்தால் இதய வால்வில் சுண்ணாம்பு படியும் தனி வகை வரலாம். அந்தக் குழந்தைக்கு எக்கோ பரிசோதனை கட்டாயம்.

எண்ணைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. ஜிபிஏ1க்குப் பக்கத்திலேயே, அதைப் போலவே இருக்கும் ஆனால் வேலை செய்யாத ஒரு போலி மரபணு இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து அத்தனை ஒற்றுமை என்பதால், மரபணுவைப் படிக்கும் கருவி இரண்டையும் குழப்பிக்கொள்ளும். சிலருக்குப் போலி மரபணுவின் ஒரு துண்டு உண்மையான மரபணுவுக்குள் ஒட்டியிருக்கும். அந்தத் துண்டிலும் எல்444பி இருப்பதால், ரிப்போர்ட்டில் வெறும் எல்444பி என்று வந்துவிடக்கூடும். இந்தக் கலப்புப் பிரதி சாதாரண எல்444பியைவிடக் கடுமையானது. ஆகவே லேபிடம் கேளுங்கள்: 'போலி மரபணுவை விலக்கிப் படித்தீர்களா, கலப்புப் பிரதி இருக்கிறதா என்று பார்த்தீர்களா?' அப்பா, அம்மா இருவரின் ரத்தத்தையும் சோதித்தால், இரண்டு மாற்றங்களும் ஆளுக்கொன்றாக வந்தனவா, ஒரே பிரதியில் சேர்ந்து வந்தனவா என்பதும் தெளியும். பெற்றோர் பரிசோதனை இல்லாத ரிப்போர்ட்டை முழு ரிப்போர்ட்டாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மூத்தவளுக்கு நொதி அளவு குறைவு, இளையவனுக்குச் சற்று அதிகம். ஆனால் இளையவனுக்குத்தான் எலும்பு வலியும் பெரிய மண்ணீரலும். அளவு தப்பா?
வாசகி, வில்லியனூர்

தப்பாக இருக்க வேண்டியதில்லை. நொதிப் பரிசோதனை 'நோய் உண்டா, இல்லையா' என்பதற்கு. 'எவ்வளவு கடுமை' என்பதற்கு அந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது. பரிசோதனைக் குழாயில் ஒரு செயற்கைப் பொருளை நொதி எவ்வளவு உடைக்கிறது என்று அளக்கிறார்கள். செல்லுக்குள் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது அதில் தெரியாது. ஒரே மாற்றம் கொண்ட உடன்பிறப்புகளிடமும், ஒரே கரு இரட்டையரிடமும்கூட நோய் வேறு வேறு அளவில் இருந்திருக்கிறது.

மாதிரி எடுத்த விதத்தையும் விசாரியுங்கள். ரத்தம் வெயிலில் கிடந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் வழியில் தங்கினாலோ நொதி தானே செத்து, அளவு பொய்யாகக் குறையும். நல்ல லேப் அதே மாதிரியில் இன்னொரு நொதியையும் அளந்து ரிப்போர்ட்டில் போடும். அதுவும் குறைந்திருந்தால் மாதிரிதான் கெட்டது. உலர் ரத்தப் பொட்டு அட்டையில் அனுப்புவதானால், நிழலில் மூன்று நான்கு மணி நேரம் நன்றாகக் காய வேண்டும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் அரைகுறையாய்க் காய்ந்த அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டால் வீண். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றையும் உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க, தேங்கும் கொழுப்பின் ஒரு வடிவமான லைசோ-ஜிபி1 ரத்தத்தில் எவ்வளவு என்ற அளவு பொருத்தமானது. கைட்டோட்ரையோசிடேஸ் என்ற வேறொரு நொதியின் அளவையும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சிலருக்கு அந்த நொதியே பிறவியில் இருக்காது. அவர்களுக்கு அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

இளைய மகனுக்கு இந்த நோய். மூத்தவன் ஆரோக்கியம். அவனுக்கு என் தங்கை மகளைப் பேசி வைத்திருக்கிறோம். செய்யலாமா?
வாசகர், பண்ருட்டி

செய்யலாம் என்றோ கூடாது என்றோ சொல்லும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை. கணக்கு இது: உங்கள் மூத்த மகன் இந்தப் பிழையைச் சுமப்பவனாக, அதாவது ஒரு பிரதியில் மட்டும் பிழை இருந்து தனக்கு நோய் இல்லாதவனாக, இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. நீங்கள் நிச்சயம் சுமப்பவர். தங்கைக்குப் பாதி வாய்ப்பு, அவர் மகளுக்குக் கால் பங்கு. இருவரும் சுமப்பவராக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் 24இல் ஒன்று. உங்கள் மனைவியும் நெருங்கிய சொந்தம் என்றால் இது கூடும்.

வீட்டில் தெரிந்த அதே மாற்றத்தை மட்டும் தேடினால் போதும். இருவருக்கும் ஊதா மூடி இடிடிஏ குழாயில் 2 மி.லி. ரத்தம், கூடவே இளையவனின் ரிப்போர்ட் நகல். ஒருவருக்கு இல்லை என்றாலே கவலை பெரும்பாலும் தீர்ந்தது. நொதி அளவை வைத்துச் சுமப்பவரைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். சுமப்பவரின் அளவும் சாதாரண அளவும் ஒன்றின்மேல் ஒன்று விழும்.

இருவருக்கும் இருந்து, திருமணமும் நடந்தால், கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியின் திசுவை எடுத்துச் சோதிக்கலாம். ஏற்பாட்டைக் கர்ப்பத்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.

நொதி ஊசி போட்டால் மூளையும் காப்பாற்றப்படுமா? செலவுக்கு எங்கே போவது?
வாசகர், அரியாங்குப்பம்

இமிகுளூசரேஸ் ஊசி ரத்தம், மண்ணீரல், கல்லீரல், எலும்பு எல்லாவற்றையும் நன்றாகத் திருப்பும். ஆனால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் அந்தப் பெரிய மூலக்கூறு நுழையாது. ஏற்கெனவே தொடங்கிய நரம்புப் பாதிப்பை அது நிறுத்தாது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கிலோவுக்கு 30 முதல் 60 யூனிட். 12 கிலோ குழந்தைக்கு 60 என்றால் 720 யூனிட், அதாவது 400 யூனிட் குப்பி இரண்டு. குழந்தை 20 கிலோ ஆனால் மூன்று குப்பி. எடையோடு செலவும் ஏறும் என்பதை இப்போதே கணக்கில் வையுங்கள். 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி, அறிவிக்கப்பட்ட சிறப்பு மையம் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை அப்படி ஒரு மையம். நொதி ரிப்போர்ட், மரபணு ரிப்போர்ட், மண்ணீரல் அளவு எழுதிய ஸ்கேன், நரம்பியல் குறிப்பு நான்கும் கையில் இல்லாமல் போகாதீர்கள்.

மண்ணீரலை எடுத்துவிட்டால் பிளேட்லெட் ஏறும் என்கிறார்கள். எடுக்கலாமா?
வாசகி, சிதம்பரம்

ஏறும். ஆனால் தேங்குகிற கொழுப்புக்கு அந்த இடம் போனதும் கல்லீரலிலும் எலும்பிலும் சேரும், எலும்புச் சேதம் கூடும், கிருமித் தொற்றும் எளிதில் வரும். நொதி ஊசி கிடைக்க வழியிருக்கும் வரை எடுக்க வேண்டாம். அதுவரை வயிற்றில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் போதும். பல் பிடுங்குவதானால் முந்தின வாரமே பிளேட்லெட்டும் ரத்தம் உறையும் நேரமும் பார்த்து, பல் மருத்துவரிடம் நோயின் பெயரை எழுதிக் கொடுங்கள்.