வீட்டில் கார் கழுவ பிரஷர் வாஷர் வாங்கலாமா? பெயின்ட் போய்விடுமா?

தாராளமாக வாங்கலாம். கிட்டே வைத்து அடிக்காமல் இருந்தால் கம்பெனி பெயின்ட் ஒன்றும் ஆகாது. ஆனால் நீங்கள் கேட்டது வண்டியின் பெயின்டைப் பற்றி மட்டும்தான். தண்ணீரைப் பீய்ச்சும் கன்னைப் பிடிக்கிறவனின் காலைப் பற்றி யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. அதனால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நான் செட்டிநாட்டுப் பக்கம் கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் 19 வருடமாக டிரைவர். இரண்டு கார். வீட்டுக்கார ஆச்சி சென்னையில் இருக்கிறார்கள். திருவிழா, கல்யாணம், படைப்பு என்றால் வருவார்கள். மற்ற நாளில் வண்டி என் பொறுப்பு. நான் இன்ஜினியர் இல்லை. ஆனால் இந்த மெஷினை நான்கு வருடமாக என் கையால் ஓட்டுகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள், “டிரைவருக்கு என்ன தெரியும்” என்று மட்டும் எழுதாதீர்கள்.

உங்களிடமும் இதே மாதிரி வீட்டு மெஷின்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்களுடையதின் ஸ்டிக்கரில் அழுத்தம் 110 பார், தண்ணீர் மணிக்கு 360 லிட்டர் என்று போட்டிருக்கிறது. பாரை 14.5-ஆல் பெருக்கினால் பிஎஸ்ஐ வரும், கிட்டத்தட்ட 1600. உங்கள் கார் டயரில் காற்று எவ்வளவு? 32, 33. அதைப்போல ஐம்பது மடங்கு என்று மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன், ஆயுத பூஜைக்கு முதல் நாள். ஆச்சி மறுநாள் காலையில் வருகிறார்கள், இரண்டு வண்டியும் பளிச்சென்று நிற்க வேண்டும். உதவிக்கு என் அக்கா மகனைக் கூப்பிட்டிருந்தேன், பாலிடெக்னிக் படிக்கிற பையன். முந்தின வாரம் மழை. எங்கள் பக்கம் செம்மண் தெரியுமல்லவா, ஈரத்தில் ஒட்டினால் சக்கரத்துக்கு மேல் வளைவில் அடை அடையாக அப்பிக் காய்ந்துவிடும். அதைப் பெயர்க்க, கன்னின் நுனியில் ஊசி மாதிரி ஒரே கோடாகப் பாய்கிற நாசிலை மாட்டிக் கொடுத்தேன். கொடுத்தது நான்தான். அவன் காலில் ரப்பர் செருப்பு.

வளைவெல்லாம் முடித்தான். தெறித்த சேறு பாதத்தில் இருந்தது. குழாயில் கால் கழுவுகிற மாதிரி கன்னைத் தன் காலுக்குத் திருப்பிவிட்டான். ஒரு நொடி கூட இருக்காது. “ஸ்” என்று ஒரு சத்தம், கன்னைப் போட்டுவிட்டான்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, எலும்பு புடைத்திருக்கும் இடத்தில், கடுகளவு ஒரு ஓட்டை. ரத்தம் ஒரு சொட்டுத்தான். “ஒண்ணுமில்ல மாமா, முள்ளு குத்துன மாதிரிதான் இருக்கு” என்றான். நானும் நம்பினேன். பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். டிடி ஊசி, ஒரு கட்டு, நான்கு மாத்திரை, ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். எதனால் பட்டது என்று அங்கே கேட்கவில்லை. “தண்ணி பட்டுருச்சு” என்றுதான் நானும் சொன்னேன். மெஷின் என்ற சொல் என் வாயில் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

ராத்திரி பத்து மணிக்கு அக்கா போன் பண்ணியது. பாதம் கணுக்கால் வரை வீங்கி மினுமினுவென்று இருந்தது. விரலால் தொட்டால் தோலுக்கு அடியில் நறநறவென்று நெரிகிறது. தண்ணீரோடு காற்றும் உள்ளே போயிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. விடிவதற்குள் மதுரைக்குக் கொண்டுபோனோம், கழுவி வைத்த அதே வண்டியில். அங்கே காலைத் திறந்து உள்ளே இருந்த மண்ணைக் கழுவி எடுத்தார்கள். வெளியே கடுகளவு, உள்ளே இரண்டு அங்குல நீளத்துக்குத் தசையைப் பிரித்துக்கொண்டு போயிருந்தது. “நேற்றே வந்திருந்தால் பாதி வேலைதான்” என்றார் டாக்டர். ஒன்பது நாள் படுக்கை. அந்தப் பெருவிரல் இன்னும் முழுதாக மடங்காது.

அதனால் உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மெஷின் தண்ணீர் தோலைத் துளைத்தால், ஓட்டையின் அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வாசலிலேயே “பிரஷர் மெஷின் தண்ணீர் உள்ளே போய்விட்டது” என்று சொல்லுங்கள்.

சர்வீஸ் ஸ்டேஷன் பையன்கள் வெறுங்காலோடு நாள் முழுக்க வாட்டர் வாஷ் அடிக்கிறார்களே, அவர்களுக்கு என்ன ஆகிவிட்டது என்று யாராவது கேட்பார்கள். அவர்களோடு டீ குடித்துப் பேசிப் பாருங்கள், காலில் தழும்பு இல்லாதவனைத் தேட வேண்டியிருக்கும். கம்பூட்ஸ் வாங்கிக் கொடுக்க முதலாளிக்கு மனம் வருவதில்லை, அவ்வளவுதான்.

இனி வண்டி. நாசில்களுக்கு நிறம் உண்டு. சிவப்பு நேர்கோடு, அதைக் காரின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மஞ்சள் 15 டிகிரி, பச்சை 25, வெள்ளை 40. காருக்கு வெள்ளை, அதிகம் போனால் பச்சை. நிறம் இல்லாமல் திருகுகிற நாசில் என்றால் விசிறி மாதிரி விரியும்வரை திருகுங்கள். முதலில் தரையில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டிப் பக்கம் திருப்ப வேண்டும். ஒரு முழம் தள்ளி நில்லுங்கள், நேருக்கு நேர் குத்தாமல் சாய்த்து அடியுங்கள். டயரின் பக்கவாட்டில் ஓர் அடிக்குள் கிட்டே போகவே கூடாது. டயருக்குள் இருக்கும் நூல் அறுந்தால் வெளியே தெரியாது, திருச்சி ரோட்டில் வேகத்தில் போகும்போதுதான் தெரியும்.

நீங்கள் பயப்படுகிற பெயின்ட் எங்கே போகும் என்றால், பட்டி பார்த்து டிங்கரிங் பண்ணிய இடத்தில் போகும். எங்கள் பழைய வண்டியின் பின் பம்பரில் உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே தோல் மாதிரி உரிந்து வந்தது. கல் தெறித்த இடம், ஸ்டிக்கர் ஓரம், கதவு ரப்பர், பார்க்கிங் சென்சார், ரேடியேட்டர் தகடு, இங்கெல்லாம் குறி வைக்காதீர்கள். பானட்டைத் திறந்து இன்ஜினுக்குள் அடிப்பதை நான் செய்வதில்லை, யார் சொன்னாலும்.

பூஜை வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து இறுகியிருக்கும், பிள்ளையார்பட்டி போய் வந்தால் எல்லா வண்டிக்கும் இதே கதை. அதை ஜெட்டால் பெயர்க்க வேண்டாம். ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்தால் தானே வழுக்கிக்கொண்டு வரும். செம்மண் புழுதியைத் துணியால் துடைக்காமல் முதலில் மேலிருந்து கீழே தண்ணீரிலேயே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். இந்த மெஷினின் பெரிய உதவியே அதில்தான். அப்புறம் ஷாம்பூ.

வெயிலில் கழுவாதீர்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் கறுப்பு வண்டி முழுக்க வெள்ளைப் புள்ளி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குளிக்கிற ஊருணியில் மொண்டு வந்துதான் கழுவுவேன். குடிக்கிற ஊருணியில் கால் நனைக்கக் கூட விடமாட்டார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு புள்ளி விழாது. வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், விழுகிற மழை அண்டாவை நிறைத்து, மிச்சம் தெருக்கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகும்படி அந்தக் காலத்தில் கட்டி வைத்தார்கள். இன்றைக்கு அந்த வரத்துக்கால் மேலே பிளாட் போட்டுக் கல் நட்டு வைத்திருக்கிறார்கள். மழை தெருவில் நிற்கிறது, ஊருணியில் கருவேலம் நிற்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் ஒவ்வொரு முறை அந்தப் புள்ளியைத் துடைக்கும்போதும் மனது பொறுக்கவில்லை.

தண்ணீர் வீண் என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: கன்னை அழுத்தும் நேரம் பத்து நிமிடம், 60 லிட்டர். டியூபைத் திறந்துவிட்டுக் கழுவினால் இதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும்.

கரண்ட் விஷயம் முக்கியம். பழைய வீடு என்றால் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள், கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஈரத்தரையில் போடாமல் திண்ணை மேல் வையுங்கள். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

முடித்ததும் சுவிட்சை அணைத்தாலும் ஓஸுக்குள் அழுத்தம் அப்படியே நிற்கும். முதலில் சுவிட்ச், அப்புறம் தண்ணீர்க் குழாய், அப்புறம் கன்னைத் தரைப் பக்கம் பிடித்து, வரும் தண்ணீர் சொட்டாகிற வரை அழுத்துங்கள். பிறகு லாக். அதுவரை பூட்ஸைக் கழற்ற வேண்டாம்.